வாக்கியக் கணக்கில் எதை எக்ஸ் என்று வைப்பது?

எக்ஸ் என்பது தெரியாத எண்ணுக்கு நாம் தற்காலிகமாக வைக்கும் பெயர், அவ்வளவுதான். மற்ற அளவுகளை எதை வைத்துச் சொல்லியிருக்கிறார்களோ, அதை எக்ஸ் ஆக்குங்கள். மதுரைக்குள் மீனாட்சியம்மன் கோயிலை வைத்து வழி சொல்வோமே, அதே மாதிரி.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒருவர் மல்லியும் பிச்சியுமாக 10 கிலோ வாங்குகிறார். பிச்சியின் இரு மடங்கைவிட மல்லி 1 கிலோ அதிகம். மல்லி எவ்வளவு? சரி, பிச்சியை வைத்துத்தானே மல்லியைச் சொல்கிறார்கள்? அப்போ பிச்சி எக்ஸ் கிலோ, மல்லி 2எக்ஸ் + 1. கூட்டினால் 3எக்ஸ் + 1 = 10. எக்ஸ் 3, மல்லி 7 கிலோ. மல்லியை எக்ஸ் என்று வைத்தாலும் விடை வரும். ஆனால் பிச்சி (எக்ஸ் − 1)/2 ஆகிவிடும், வீணாகப் பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கேள்வியில் கேட்டதைத்தான் எக்ஸ் ஆக வைக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது.