மார்பகப் புற்று எந்தச் செல்லில் பிறக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 'டக்டல்', பெரியம்மாவுக்கு 'லாபுலர்' என்று ரிப்போர்ட். ஒன்று பால்குழாயிலும் மற்றது பாலறையிலும் தொடங்கியதா?

பதில்: பெயர்தான் அப்படி எண்ண வைக்கிறது. பெரும்பாலும் இரண்டுமே நுனிக்குழாயும் அதில் கொத்தாகத் தொங்கும் பாலறைகளும் சேர்ந்த சிறு அலகில்தான் தொடங்குகின்றன. வெல்லிங்ஸ் குழுவினர் 1975-இல் இதைக் காட்டினார்கள். லாபுலர் வகையில் செல்களை ஒட்டிவைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. செல்கள் திரளாமல் ஒற்றை வரிசையாக ஊடுருவுவதால் மேமோகிராமில் தப்பிவிடுவதுண்டு.

கேள்வி: 'பேசல்' வகை வெளியடுக்கில் பிறந்ததுதானே?

பதில்: பலரும் தடுக்கி விழும் இடம் இது. பால்குழாய்ச் சுவரில் உள்ளே லூமினல் செல்கள். வெளியே, சுருங்கிப் பாலைத் தள்ளும் பேசல் செல்கள். 2000-இல் பெரூ என்ற ஆய்வாளரின் குழுவினர் மரபணுச் செயல்பாட்டை வைத்து வகை பிரித்தபோது, கேரட்டின் 5, 17 போன்ற வெளியடுக்குப் புரதங்கள் தெரிந்த கட்டிகளுக்கு இந்தப் பெயர் வந்தது. சாயலை வைத்து இட்ட பெயர். 2009-இல் ஆஸ்திரேலியாவின் விஸ்வாடர், லிண்டமன் குழு, பிஆர்சிஏ1 மரபணுவில் பிழையுள்ள பெண்களின் மார்பகத்தில் லூமினல் முன்னோடிச் செல்கள் (லூமினல் செல்களாக மாறவிருப்பவை) பெருகியிருப்பதைக் கண்டது. மறு ஆண்டு எலிச் சோதனை ஒன்றில், அந்த முன்னோடியில் பிஆர்சிஏ1-ஐ நீக்கினால் மனிதரின் பிஆர்சிஏ1 கட்டியைப் போன்றதே வளர்ந்தது; பேசல் செல்லில் நீக்கினால் வேறு மாதிரிக் கட்டி. பேசல் சாயலுள்ள பிஆர்சிஏ1 கட்டி உள்ளடுக்கின் பிள்ளை என்றே நான் சொல்வேன்.

கேள்வி: முதல் பிழை எப்போது நேர்ந்திருக்கும்?

பதில்: பல்லாண்டுகளுக்கு முன்பே. 1-ஆம், 16-ஆம் குரோமோசோம்கள் இணைந்துவிட்ட கட்டிகளை ஜப்பானியக் குழு ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டது. அந்த இணைப்பு பூப்பெய்தும் வயதுக்கும் பதின்வயதின் இறுதிக்கும் இடையில் நேர்ந்திருந்தது. அச்செல்லின் வழித்தோன்றல்களில் சிலவே பின்னாளில் புற்றாயின. எல்லாக் கட்டிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: லேப் டெக்னீஷியன் நான். 'ஈஆர் நெகட்டிவ்' (கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை) என்ற முடிவு தவறாக வருமா?

பதில்: வரும், தயவுசெய்து கவனமாக இருங்கள். எடுத்த திசு 1 மணி நேரத்துக்குள் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் இறங்க வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறலாம். முழு மார்பகத்தை அறுக்காமல் அப்படியே போட்டால் ஃபார்மலின் நடுவே சேருமுன் புரதம் சிதைந்துவிடும். புற்றுச் செல்களில் 1% சாயமேற்றாலே பாசிட்டிவ். அதே ஸ்லைடில் பக்கத்தில் உள்ள நல்ல பால்குழாயைப் பாருங்கள்: லூமினல் செல்களில் சில சாயமேற்றிருக்க வேண்டும். அங்கும் வெறுமையாக இருந்தால் 'நெகட்டிவ்' என்று எழுதாதீர்கள், வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத்துண்டில்) மறுபடி செய்யச் சொல்லுங்கள். தவறிய முடிவு ஒரு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் மருந்து கிடைக்காமல் செய்துவிடும்.