சம்பாவுக்கு அரை நாள் போதாது

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "ஹிமாச்சலில் டல்ஹவுசி வரை போகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற சம்பாவில் தங்கிப் பாருங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை பக்கம் முழுக்க சம்பாதான்.

சுற்றுலாக்காரர்கள் கொடுத்த திட்டத்தில் டல்ஹவுசியில் மூன்று இரவு, நடுவில் ஒரு மதியம் மட்டும் சம்பா என்று இருக்கிறது. நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். அந்த ஒரு மதியம் போதுமா?
– வாசகி, மதுரை

போதாது. முடிந்தால் அதை அப்படியே திருப்பிப் போடச் சொல்லுங்கள், டல்ஹவுசிக்கு ஒரு மதியம், சம்பாவுக்கு மூன்று இரவு. டல்ஹவுசி 1854-ல் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து உண்டாக்கிக்கொண்ட ஊர். குளிர், தேவதாரு மரம், பழைய சர்ச், மால் ரோடு எல்லாம் உண்டு, ஆனால் ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தவர்களுக்கு அதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

சம்பா வேறு மாதிரி. பத்தாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 920 வாக்கில், சாஹில் வர்மன் என்கிற ராஜா மலைக்கு உள்ளே பர்மோரில் இருந்த தன் தலைநகரை ராவி ஆற்றங்கரைக்கு மாற்றிக் கட்டிய ஊர் இது; மகள் சம்பாவதியின் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். அந்த வம்சம் 1948-ல் ஹிமாச்சலோடு இணைகிற வரை ஆண்டிருக்கிறது. படைகள் சுலபமாக நுழைய முடியாத பள்ளத்தாக்கு என்பதால் கோயில்களும் செப்பேடுகளும் ஓவியங்களும் பெரிய சேதமில்லாமல் தப்பித்துவிட்டன, வட இந்தியாவில் இப்படிப்பட்ட ஊர்கள் குறைவு.

முதல் நாள் காலையில் லட்சுமி நாராயண் கோயிலுக்குப் போங்கள். ஒரே வளாகத்தில் வரிசையாக ஆறு கல் கோயில்கள், மூன்று விஷ்ணுவுக்கு, மூன்று சிவனுக்கு. உயர்ந்து போகிற கல் சிகரத்தின் மேல் மரத்தால் ஒரு குடை கவிழ்த்திருக்கும். பனியும் மழையும் கல்லைத் தின்னாமல் இருக்க உள்ளூர்த் தச்சர்கள் கண்டுபிடித்த வழி அது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. அப்புறம் சௌகான். ஊர் நடுவே நீளமாகக் கிடக்கிற புல்வெளி மைதானம், சாயந்திரமானால் ஊரே அங்கேதான் இருக்கும். அதன் ஓரத்தில் ஹரிராய் கோயில். அங்கிருந்த நான்முக விஷ்ணு வெண்கலச் சிலை 1970-களில் திருடு போய், நாட்டை விட்டுப் போவதற்குள் மீட்கப்பட்டது. சிலைத் திருட்டுச் செய்திகளைப் படித்துப் படித்துப் பழகிப்போன நமக்கு, திரும்பி வந்த ஒன்றைப் பார்ப்பது ஆறுதல்தான்.

பூரி சிங் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள், திங்கள்கிழமை மூடியிருக்கும். 1908-ல் ராஜா பூரி சிங் தன் குடும்பச் சேகரிப்பைக் கொடுத்துத் திறந்தது. அதில் எல்லாரும் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நீங்கள் சுனைக் கற்களைத் தேடிப் பாருங்கள். முன்னோர் நினைவாக ஊற்றுகளின் மேல் நட்டு வைத்த பெரிய பலகைக் கற்கள், வருணனும் மற்ற தேவர்களும் செதுக்கி, சாரதா என்கிற பழைய வடநாட்டு எழுத்தில் கல்வெட்டும் வெட்டியவை. நம் பக்கம் இறந்தவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதில்லையா, அதே எண்ணத்தைக் கல்லில் செய்திருக்கிறார்கள்.

தண்ணீர் இந்த ஊருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. புதிய தலைநகருக்கு வெட்டிய வாய்க்காலில் நீர் வரவில்லை, ராஜ குடும்பத்தில் ஒருவர் பலியானால்தான் வரும் என்று ஆனபோது ராணி தன்னை உயிரோடு புதைக்கச் சொன்னாள் என்பது கதை. அவளுக்கு சூயி மாதா என்று மேட்டில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் நடக்கும் அவளுடைய திருவிழா பெண்களுக்கும் குழந்தைகளுக்குமானது. கதையைக் கேட்டு எனக்கு மனம் நெகிழவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவதைப் பார்த்தால் அது அவர்களுடைய விழா என்று புரியும்.

முழங்கால் வலி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஊர் முழுக்கப் படியும் சரிவுமாக இருக்கும், சௌகானுக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். இன்னொன்று, குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சம்பா சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்தான், மே மாத மதியத்தில் நன்றாக வியர்க்கும்.

நான் தையல் வகுப்பு நடத்துகிறேன். சம்பா ரூமால் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே வாங்குவது?
– வாசகி, கும்பகோணம்

உங்களைப் போன்றவர்கள்தான் அந்த ஊருக்கு முதலில் போக வேண்டும். ரூமால் என்றால் கைக்குட்டை, ஆனால் இது சட்டைப்பையில் மடித்து வைக்கிற சமாச்சாரம் இல்லை. கல்யாணத்தில் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்வருகிற சீர்த்தட்டின் மேலும் சாமிக்கு வைக்கிற படையலின் மேலும் போர்த்துகிற சதுரத் துணி. மெல்லிய வெள்ளை மஸ்லின் அல்லது கதர்த் துணியில், முறுக்காத பட்டு நூலால் தைப்பார்கள். கிருஷ்ணனின் ராசலீலை, ருக்மிணி கல்யாணம், மாடுகள் வீடு திரும்புகிற அந்தி நேரம், தாயக்கட்டம் மாதிரியான சௌபட் ஆட்டம், இப்படி ஒவ்வொன்றும் ஒரு காட்சி.

கவனிக்க வேண்டியது வரைதல். பழைய அரண்மனை ரூமால்களில் தைத்தவர் பெண், கோடு போட்டவர் ஓவியர். பதினெட்டாம் நூற்றாண்டில் குலேர் என்கிற பக்கத்து மலை ராஜ்யத்திலிருந்து வந்த ஓவியர்களும் சம்பாவில் வேலை செய்தார்கள், பேர்பெற்ற சிற்றோவியர் நைன்சுக்கின் மகன் நிக்கா அவர்களில் ஒருவர். அப்படிச் சிற்றோவியம் தீட்டுகிற கைகள் கரித்துண்டால் துணியில் வரைந்து கொடுக்க, எந்த இடத்துக்கு என்ன நிறம் என்றும் சொல்லி விட, அதன் மேல் ஊசி ஓடும். வீட்டுப் பெண்கள் தாங்களே வரைந்து தைத்தவையும் உண்டு, அதில் முகங்கள் கொஞ்சம் கோணலாக, நிறங்கள் பளீரென்று இருக்கும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும், ஆனால் சந்தையில் மதிப்பு முதல் வகைக்கே.

அசலைக் கண்டுபிடிக்கத் துணியைத் திருப்புங்கள், அவ்வளவுதான். 'தோ-ருகா' என்பார்கள், இரண்டு பக்கமும் ஒரே படம். சாட்டின் தையலையே துணியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் நிரப்புகிற மாதிரி ஊசியை முன்னும் பின்னும் கொண்டுபோவார்கள். முடிச்சு எங்கும் தெரியக் கூடாது. உங்கள் மாணவிகளிடம் ஒரு இலையை இப்படித் தைத்துக் காட்டச் சொல்லுங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். பின்பக்கம் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தால், மெஷின் தையல் என்றால், கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பழையவற்றைப் பூரி சிங் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் குருக்ஷேத்திரப் போரையே தைத்த துணி ஒன்று இருக்கிறது. இடையில் இந்தக் கலை நசிந்து, மலிவு நைலான் துணியில் தைக்கிற அளவுக்குப் போனது. டெல்லி கைவினை மன்றம் 1990-களில் பழைய ரூமால்களை அருங்காட்சியகங்களில் தேடிப் பிடித்து, ஓவியரையும் தையல்காரப் பெண்களையும் மறுபடி சேர்த்து உட்கார வைத்தது. சம்பாவிலேயே பல பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லலிதா வகீல் 2022-ல் பத்மஸ்ரீ வாங்கினார். சிற்றோவியத்துக்காக விஜய் சர்மா 2012-ல் வாங்கினார். இந்தச் சின்ன ஊரில் பத்மஸ்ரீகள் தெருவுக்கு ஒருவர் போலிருக்கிறது!

வாங்குவதானால் தைக்கிறவரிடமே நேரில் கேட்டு வாங்குங்கள், அருங்காட்சியகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். பெரிய ரூமாலுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கிறது, விலையும் அப்படித்தான். சின்னதாக ஒரு மயில், ஒரு பூ தைத்தது கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள், உங்களுக்கே தெரியும் அந்த வேலையின் கூலி.

கஜ்ஜியாரை 'மினி ஸ்விட்சர்லாந்து' என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சேலம்

1992-ல் ஸ்விட்சர்லாந்துத் தூதரகத்துக்காரர் ஒருவர் வந்து பெயர் சூட்டி, பெர்ன் நகரம் இத்தனை கிலோமீட்டர் என்று பலகையும் வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து கூட்டம். தட்டுப் போல ஒரு புல்வெளி, சுற்றிலும் தேவதாரு, நடுவில் சின்ன ஏரி, ஏரி என்று பெரிதாக நினைத்துப் போகாதீர்கள். சம்பாவிலிருந்து 24 கிலோமீட்டர்தான். காலை எட்டு மணிக்குள் போனால் அழகு, பதினொரு மணிக்குக் குதிரைக்காரர்களும் முயல் கூடை வைத்துப் போட்டோ எடுக்கச் சொல்பவர்களும் வந்துவிடுவார்கள். ஓரத்தில் இருக்கிற கஜ்ஜி நாகர் மரக்கோயிலைப் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நாங்கள் நாலு நண்பர்கள், வயது இருபத்தைந்துக்குள். கோயில், மியூசியம் எல்லாம் ஓகே, ஆனால் மலையேற வேண்டும். மணிமகேஷ் போகலாமா? பைக்கில் சாச் பாஸ்?
– வாசகர், கோவை

சூடுபிடிக்க முதலில் காலாடோப் காட்டு வழியாக கஜ்ஜியாருக்கு நடந்து வாருங்கள், சுமார் 13 கிலோமீட்டர், தேவதாரு நிழலிலேயே போகலாம். கரடி உள்ள காடு, இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள்.

மணிமகேஷ் விளையாட்டில்லை. யாத்திரை போகிற அந்த ஏரி 4,080 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சம்பா ஆயிரம், பர்மோர் இரண்டாயிரத்துச் சொச்சம். ஒரே ஓட்டமாக ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் வரும், வயசுக்கும் உடற்கட்டுக்கும் அதில் சலுகை கிடையாது. பர்மோரில் ஒரு நாள் தங்குங்கள். வீணாகாது, அங்கே சௌராசி என்கிற கோயில் வளாகத்தில் லக்ஷணா தேவியின் மரக்கோயில் ஏறக்குறைய கி.பி. 700-ஐச் சேர்ந்தது, அந்தக் கதவு நிலையின் செதுக்கலைப் பார்க்கவே தனியாகப் போகலாம். பிறகு ஹட்சரிலிருந்து நடை, ஏரிக்கு 13 கிலோமீட்டர். நடுவே தன்ச்சோவில் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். கிருஷ்ண ஜெயந்தியிலிருந்து ராதாஷ்டமி வரை யாத்திரைக் காலம், அன்னதானப் பந்தல்கள் இருக்கும், கூட்டமும் இருக்கும். ஆனால் அது மழைக்காலமும்கூட. 2025 ஆகஸ்டில் மழையும் நிலச்சரிவும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோர் வழியில் மாட்டிக்கொண்டார்கள். நிர்வாகம் போகாதே என்றால் போகாதீர்கள், வாதாட வேண்டாம்.

சாச் பாஸ் என்கிற மலைக்கணவாய் 4,400 மீட்டருக்கு மேல், பெரும்பாலும் ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை திறந்திருக்கும். சாலை என்று அதைச் சொல்வது பெருந்தன்மை. மலைச்சாலையில் பைக் ஓட்டிப் பழகியவர் உங்களில் எத்தனை பேர்? நாலு பேரும் என்றால் செப்டம்பரில் போங்கள். இல்லையென்றால் ஜீப்.

மிஞ்சர் மேளா பார்க்க ஜூலை கடைசியில் போகலாம் என்று இருக்கிறோம். மழை பரவாயில்லையா?
– வாசகி, புதுச்சேரி

மழை தொந்தரவுதான், ஆனால் விழாவுக்காக என்றால் ஒரு முறை தாங்கிக்கொள்ளலாம். மக்காச்சோளக் கதிரின் குஞ்சம் மாதிரி பட்டிலும் ஜரிகையிலும் செய்த மிஞ்சரை எல்லாரும் உடையில் குத்திக்கொள்வார்கள். முதல் மிஞ்சரைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து கொடுப்பது ஒரு முஸ்லிம் குடும்பம், அது லட்சுமி நாராயணருக்கும் ரகுவீரருக்கும் சாத்தப்படும். ஒரு வாரம் நடந்து, கடைசி ஞாயிறு ஊர்வலமாகப் போய் தேங்காய், பழம், ஒரு ரூபாயோடு ராவியில் விடுவார்கள். அறையை முன்கூட்டியே போடுங்கள், திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விடுங்கள், மண் சரிந்து சாலை அடைபடுவது அங்கே சகஜம். விழா முக்கியமில்லை என்றால் அக்டோபர், அல்லது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல்.

அம்மாவுக்குச் சோறில்லாமல் முடியாது, சைவம் வேறு. சமாளிக்க முடியுமா?
– வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. அங்கே விசேஷச் சாப்பாடான 'தாம்' என்பதே சோற்றைச் சுற்றித்தான், தரையில் வரிசையாக உட்கார வைத்து இலைத்தட்டில் பரிமாறுவார்கள். ராஜ்மாவைத் தயிரில் மெதுவாகக் கொதிக்க வைத்துச் செய்கிற மத்ராவைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால் அம்மா நம் மோர்க்குழம்போடு ஒப்பிட்டு ஏதாவது சொல்வார். காரம் வேண்டுமென்றால் சுக் என்று மிளகாய்த் தொக்கு ஒன்று இருக்கிறது, ஒரு பாட்டில் வாங்கி வாருங்கள். முதலில் துளி தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?
– பலர்

ரயிலில் பதான்கோட், அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர் பஸ் அல்லது டாக்சி, நாலு ஐந்து மணி நேரம். சம்பாவில் ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. அவசரமென்றால் டெல்லிக்கு விமானம், ராத்திரி ரயிலில் பதான்கோட். பானிகேத் என்ற இடத்தில் டல்ஹவுசிக்கு ஒரு வழி, சம்பாவுக்கு ஒரு வழி பிரியும். அங்கிருந்து ராவி வரை இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. வயிறு புரட்டுகிறவர்கள் பானிகேத்திலேயே மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வேண்டுமென்றால் ஆற்றுப் பக்கம் எது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.