சிரிக்கும்போது வயிற்றில் எதற்குக் கை?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 24. பெரம்பூரில் அப்பா, அம்மா, ஆயாவுடன் இருக்கிறேன். கீழ்ப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். தொப்புளில் வளையம் போட்டுக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. கூட வேலை செய்யும் தோழி போட்டிருக்கிறாள், அழகாக இருக்கிறது. ஆனால் அவள் ஒல்லி. எனக்கு இடுப்பு 34, கொஞ்சம் தொப்பையும் உண்டு. என் உடம்புக்கு இது பொருந்துமா? இன்னொன்று, சத்தமாகச் சிரித்தாலோ இருமினாலோ தொப்புள் கொஞ்சம் வெளியே தள்ளும். படுத்தால் உள்ளே போய்விடும். குழந்தையாக இருந்தபோது ஆயா காசு வைத்துக் கட்டினார்களாம். பள்ளிக்கூடத்திலிருந்தே சிரிக்கும்போது வயிற்றில் கை வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். வளையம் போட்டால் அது தெரியாது என்று நினைக்கிறேன். வளையம் குத்தும் கடைக்காரருக்கு போட்டோ அனுப்பினேன். ‘எல்லா உடம்புக்கும் செட் ஆகும்’ என்று சொல்லி, அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அதற்குள் போட்டுக்கொண்டு, அப்புறமாக அம்மாவிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: மகளே, தொப்பையைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன், அது சின்ன விஷயம். நடுவில் ‘இன்னொன்று’ என்று ஆரம்பித்துப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாயே, அதைப் படித்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

இருமினால் தள்ளுகிறது. படுத்தால் உள்ளே போகிறது. குழந்தையில் காசு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இதை எந்த டாக்டரிடம் சொன்னாலும் அவர் முதலில் சந்தேகப்படப் போவது ஹெர்னியாவைத்தான். தொப்புள் குடலிறக்கம் என்பார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கொடி போகிற வழியில், வயிற்றுச் சுவரில் ஒரு திறப்பு இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு உடனே மூடாது. அப்படியிருந்தாலும் பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். அதனால்தான் காசு கட்டிய பாட்டிகள் எல்லாரும் காசுதான் குணமாக்கியது என்று நம்பினார்கள். உன் ஆயாவும் பாசத்தில்தான் கட்டியிருப்பார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் காசு எந்தத் திறப்பையும் மூடாது. வளர்ந்த பிறகும் மூடாமல் இருந்தால் இனி தானாக மூடவும் மூடாது. அந்த இடைவெளி வழியாகக் கொழுப்போ, சில சமயம் குடலின் ஒரு மடிப்போ முட்டிக்கொண்டு வரும். சிரிக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், வெளியே தள்ளும். படுத்தால் அழுத்தம் குறையும், உள்ளே போகும்.

உனக்கு அதுதான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெறும் தோல் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும் தொப்புளும் உண்டு. கடிதத்தைப் படித்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் உன்னை நிற்க வைத்து, இருமச் சொல்லி, விரல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுப்பார். அவ்வளவு சுலபமான ஒரு காரியத்தை உன் 24 வயது வரை யாருமே செய்யவில்லை! தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்த இடத்தில் ஊசி ஏற்ற, உன் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவரிடம் பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறாய்.

அந்தக் கையைப் பற்றிக் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது என்கிறாய். அப்படியானால் எத்தனையோ வருஷமாக உன் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில், டிவி பார்க்கும்போது, சொந்தக்காரர் கல்யாணத்தில், நீ சிரித்தபோதெல்லாம் கை வயிற்றுக்குப் போயிருக்கிறது. உன் அம்மா அதைப் பார்க்கவே இல்லையா? பார்த்திருப்பார். பெண் குழந்தையின் உடம்பு விஷயத்தில் நம் வீடுகளில் இதுதான் நடக்கிறது. மார்பில் கட்டி, மாதவிலக்கில் நிற்காத இரத்தப்போக்கு, முதுகில் வளைவு என்று எனக்கு வருகிற கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் இருக்கும்: ‘கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.’ டாக்டரிடம் போனால் யார் கண்ணிலாவது பட்டுவிடும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். எனக்கு இதில் கொஞ்சமும் சமாதானம் கிடையாது. பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவது என்று பேச உட்காருவதற்கு முன்னால், அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது பெற்றவர்களின் கடமை. அதைத் தள்ளிப்போடுகிறவர்களை நான் நல்ல பெற்றோர் என்று சொல்ல மாட்டேன். உன் அம்மா இதைப் படித்தால் படிக்கட்டும்.

உன்னையும் விடப்போவதில்லை. நீ சம்பாதிக்கிற பெண். உனக்கு வேண்டாத ஒன்றை மறைக்க அதன்மேல் நகை மாட்டிக்கொள்ளலாம் என்று எப்படி யோசித்தாய்? அந்த வளையமே எல்லார் கண்ணையும் அங்கேதான் இழுக்கும். அதைவிடப் பெரிய தப்பு, ‘அப்புறமாக அம்மாவிடம் சொல்லலாம்’ என்பது. உனக்கு யார் அனுமதியும் தேவையில்லை, 24 வயதுப் பெண்ணின் உடம்பு அவளுடையது. ஆனால் பெற்றவளுக்குத் தெரியாமல் பிள்ளை உடம்பில் ஊசியோ கத்தியோ படக் கூடாது என்று நினைக்கிறவள் நான். நாளைக்கு அந்த இடம் பழுத்துக் காய்ச்சல் வந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு உன்னை ஆட்டோவில் ஏற்றப் போவது கடைக்காரர் இல்லை, உன் அம்மாதான். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று தயங்காதே. அவர் கையைப் பிடித்து உன் தொப்புளின்மேல் வைத்து, ஒரு தடவை இருமிக் காட்டு. அதற்கு மேல் நீ எதுவும் விளக்க வேண்டியிருக்காது. அப்புறம் இரண்டு பேருமாக ஒரு வார நாள் காலையில் கிளம்புங்கள். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் தூரம் இல்லை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும் தூரம் இல்லை. நீ தினம் வேலைக்குப் போகிற வழிதான். பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் ஓ.பி. சீட்டு வாங்கி, காசு கட்டிய கதையிலிருந்து எல்லாவற்றையும் சொல். கல்யாணம் பேசுகிறார்கள் என்பதையும் கட்டாயம் சொல். கர்ப்பகாலத்தில் வயிற்றுச் சுவர் இழுபடும், இருக்கிற ஹெர்னியா பெரிதாகலாம். ஆபரேஷன் செய்த பிறகு கர்ப்பம் வந்தால் மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. இப்போதே செய்வதா, குழந்தை பெற்ற பிறகா என்பதை டாக்டர் இதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்வார். இதை மாப்பிள்ளை வீட்டிலும் நேராகச் சொல்லிவிடுங்கள். இதற்காக முகம் சுளிக்கிற வீட்டில் நீ வாழப் போக வேண்டாம்.

டாக்டரைப் பார்ப்பதற்குள் எப்போதாவது அந்த வீக்கம் படுத்தாலும் உள்ளே போகாமல் கெட்டியாகி, வலித்து, நிறம் மாறி, வாந்தியும் வந்தால் காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிடு. குடல் மாட்டிக்கொண்டிருக்கலாம், அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இனி தொப்பை. டாக்டர் பார்த்து, ஹெர்னியா இல்லை, வெறும் தோல்தான் என்று சொன்ன பிறகு இதைப் படி. இடுப்பு 34 ஆ 28 ஆ என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வழக்கமாகக் குத்துவது தொப்புளுக்கு மேலே இருக்கும் தோல் விளிம்பில். அந்த விளிம்பு, விரலால் பிடித்துப் பார்த்தால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் தெரிகிற தனி மடிப்பாக நிற்க வேண்டும். தட்டையாக இருந்தால் உடம்பு நகையை மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும், தழும்புதான் மிஞ்சும். ஒல்லியானவர்களிலேயே பலருக்கு அந்த விளிம்பு இருக்காது. நின்று பார்த்தால் மட்டும் போதாது, உட்கார்ந்தும் பார்க்க வேண்டும். உட்காரும்போது தொப்புள் மடிந்து ஒரு கோடாக மூடிக்கொண்டால், நீ நாற்காலியில் இருக்கும் எட்டு மணி நேரமும் வளையம் அழுந்திக்கொண்டே இருக்கும். கணக்கு வேலை உனக்கு. நின்றபடி, வயிற்றை எக்கிக்கொண்டு எடுத்த போட்டோவில் இதில் எதுவும் தெரியாது. தொப்புளில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியிலேயே, அது வெறும் தோலே ஆனாலும், நல்ல பியர்சர் (வளையம் குத்துகிறவர்) ஊசி ஏற்ற மாட்டார். போட்டோவைப் பார்த்து ‘எல்லா உடம்புக்கும் செட் ஆகும்’ என்று சொன்னவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்லியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் போகாதே. அட்வான்ஸைத் திரும்பக் கேள், கிடைக்காவிட்டால் விட்டுவிடு.

புண் ஆறவும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். காது குத்துகிற மாதிரி நினைத்துவிடாதே. பாவாடை நாடாவும் லெக்கின்ஸ் பட்டையும் உரசுகிற இடம், போதாததற்கு நம் ஊர் மே மாத வியர்வை. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறதா, ஜீன்ஸ் பொத்தான் படுகிற இடத்தில் தடிக்கிறதா என்று யோசித்துப் பார். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் உடம்புக்குள் வைக்கும் தரமான டைட்டானியம் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. காது குத்தும் துப்பாக்கியைத் தொப்புள் பக்கம் கொண்டுவர யாரையும் விடாதே, புதிதாக உறை பிரித்த ஊசிதான். ஹெர்னியா இருந்து ஆபரேஷன் ஆனால், பெரும்பாலும் தொப்புளை ஒட்டித்தான் தையல் போடுவார்கள். அந்தத் தழும்பில் குத்தலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேள், கடையில் கேட்காதே.

அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கே ரத்து செய். வருகிற திங்கட்கிழமைக்கு ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிடு.