எதில் இத்தனை? புள்ளிவிவரக் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஊத்தங்கரை, கணித ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சராசரி, இடைநிலை, முகடு எல்லாம் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் செய்தியில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறார்கள். எங்கே ஆரம்பிப்பது, ஐயா?

சொந்த மாவட்டத்தில் ஆரம்பியுங்கள் அம்மா. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்ட மக்கள்தொகை 28 லட்சத்துக்கு மேல். 2011-ல் சுமார் 15 லட்சம். இந்த இரண்டையும் பலகையில் எழுதி, "என்ன நடந்திருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். வறட்சி, பெங்களூருக்கு வேலைக்குப் போனது என்று காரணங்கள் வந்து குவியும். எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அப்புறம் கிருஷ்ணகிரியின் 2011 எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள்: சுமார் 18.8 லட்சம். 2004 பிப்ரவரியில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. உங்கள் ஊத்தங்கரையும் கிருஷ்ணகிரிப் பக்கம் போனது. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 34 லட்சம். ஆள் குறையவே இல்லை, கூடியிருக்கிறது, எல்லைதான் மாறியது. விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். தான் சொன்ன காரணம் தன் கண் முன்னாலேயே உதிர்வதைப் பார்க்கிற பிள்ளை அதை மறக்காது.

பென்னாகரம், கிராம சுகாதார செவிலியர்: எங்கள் ஊரில் போன வருடம் 1000 ஆண் குழந்தைகளுக்கு 818 பெண் குழந்தைகள் என்று கணக்கு வந்தது. ஊரே கெட்டுப்போனது போல எல்லோரும் பேசுகிறார்கள்.

பிரசவம் எத்தனை என்று முதலில் பாருங்கள். 20 பிரசவத்தில் 11 ஆண், 9 பெண் என்றால் விகிதம் 818. அந்த 11 ஆணில் ஒரே ஒரு குழந்தை பெண்ணாகப் பிறந்திருந்தால் 10க்கு 10, விகிதம் 1000. அவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து ஊரைத் திட்டவும் முடியாது, பாராட்டவும் முடியாது. நாலைந்து வருடப் பிறப்பைச் சேர்த்து, ஒன்றியம் முழுவதற்கும் பாருங்கள்.

ஆனால் இதைச் சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிடவும் கூடாது. 2001 கணக்கெடுப்பில், இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதியை மட்டும் எடுத்தால், ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆணுக்கு 826 பெண். பார்வைக்கு உங்கள் 818 மாதிரியே இருக்கிறது. ஆனால் அது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை எண்ணி வந்த விகிதம், தற்செயலாக அப்படி அமையாது. பெண் சிசுக்கொலையும் கருவிலேயே பார்த்துக் கலைத்ததும் அதற்குள் இருக்கின்றன. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றில் வெறும் தற்செயல் இருக்கலாம், இன்னொன்றில் கொலை இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் உணர வேண்டும் என்பது என் ஆசை.

பாலக்கோடு, தக்காளி விவசாயி: செய்தியில் சொல்லும் விலை என் கைக்கு வந்ததே இல்லை. பொய் சொல்கிறார்களா?

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சந்தை நிலவரத்தில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு கைமாறிய விலை என்று மூன்று உண்டு. பரபரப்புக்கு அதிக விலைதான் தலைப்பில் ஏறும். அது முதல்தரக் காய்க்குக் கிடைத்தது. மூன்றாவதைக் கேளுங்கள். அதிலும் கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுகூலி கழித்தால்தான் உங்கள் கணக்கு.

காரிமங்கலம், குடும்பத்தலைவி: ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு சராசரியாக அளவுக்குள்தான் இருக்கிறதாம். குடிக்கலாமா?

மூன்று போர்வெல்லில் லிட்டருக்கு 0.5, 0.5, 3.5 மில்லிகிராம் இருந்தாலும் சராசரி 1.5 தான். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்சவரம்பும் அதே 1.5. மூன்றாவது போர்வெல்லில் பிடிக்கிற வீட்டுக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? உங்கள் குழாய்த் தண்ணீரைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஓசூர், கல்லூரி மாணவர்: ஒரு பயிற்சி மையம் 90 சதவீதத் தேர்ச்சி என்று விளம்பரம் செய்கிறது.

சேர்ந்தவர்களில் 90 சதவீதமா, கடைசிவரை நின்று தேர்வு எழுதியவர்களிலா? கேளுங்கள் தம்பி. பதில் சொல்லத் தயங்கினால் பணம் கட்டாதீர்கள்.

அரூர், நூலக வாசகர்: இப்படி எல்லாவற்றையும் சந்தேகித்தால், எண்ணே வேண்டாம் என்று ஆகிவிடாதா?

அந்தப் பயம் எனக்கும் உண்டு. "புள்ளிவிவரமெல்லாம் பொய்" என்பவரும் எதையும் சோதிக்காதவர்தான். நம் கிணறுகளின் ஃபுளோரைடை யாரோ ஊர் ஊராகப் போய் அளந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கே காரணம் கிடைத்தது. அளந்தவர்களை மதித்துத்தான் கேள்வி கேட்கிறோம். அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, எந்த வேலைக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்டுப் பாருங்கள்.