சி.பி. குழந்தைக்கு நாற்காலியும் பேசும் டேப்லெட்டும்: உதவியை எங்கே கேட்பது?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. மூளை முடக்குவாதம் (சி.பி.). நாம் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரியும், பேச்சுதான் வராது. தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறான். முதுகுக்கும் தலைக்கும் பிடிமானம் உள்ள நாற்காலியும், படத்தைத் தொட்டால் பேசும் டேப்லெட்டும் வேண்டும் என்கிறார் தெரபிஸ்ட். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?

பதில்: கடன் இப்போது வேண்டாம் அம்மா. அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் பொருளாகத்தான் தருகின்றன. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டினால் பணம் கிடைப்பது கஷ்டம்.

முதல் வேலை, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு அதில் பதிவாகியிருக்க வேண்டும். கூடவே இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழும் வாங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் தரும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் பெற்றோரின் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் உபகரணம் முழுக்க இலவசம், 30,000 வரை பாதி விலை.

இந்தத் திட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு விதி உண்டு. ஒரு தேவைக்கு உபகரணம் வாங்கிவிட்டால், அதே தேவைக்கு மறுபடி கேட்க 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 1 ஆண்டு. உபகரணம் வழங்கும் முகாமில் சாதாரண சக்கர நாற்காலியை நீட்டுவார்கள், கிடைத்தவரை லாபம் என்று வாங்கி வந்துவிடுவோம். உங்கள் மகன் அதில் ஒரு பக்கமாகச் சரிவான், பாதம் கீழே உள்ள பலகைக்கு எட்டாமல் தொங்கும். நாற்காலி வீட்டில் மூலைக்குப் போகும், அந்த ஆண்டும் போய்விடும்.

அதனால் முகாமுக்குப் போகும்போதே தெரபிஸ்டிடம் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். 'சிறப்பு நாற்காலி தேவை' என்று ஒரு வரி போதாது. இடுப்பு அகலம் எத்தனை அங்குலம், முழங்காலிலிருந்து பாதம் வரை எவ்வளவு, தலைப்பிடி, மார்புப் பட்டை, சாய்மானம் எல்லாம் அதில் இருக்கட்டும். சி.பி. குழந்தைகளுக்கென்றே தனிச் சக்கர நாற்காலியை மாநில அரசும் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இதே நிலையில் உள்ள மற்ற பெற்றோருக்கும் ஒன்று: உங்கள் மாவட்ட அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். திருவொற்றியூர், மணலி எல்லாம் இப்போது சென்னை மாவட்டம்தான். மீஞ்சூர், அத்திப்பட்டு என்றால் திருவள்ளூர் மாவட்டம்.

பள்ளி வழியாக இன்னொரு கதவு இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கு மதிப்பீட்டு முகாம் நடத்தி உபகரணம் தருகிறார்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் மகனின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

டேப்லெட் கொஞ்சம் சிக்கலானது. பேசும் செயலியோடு சேர்த்து அரசு வழியாகக் கிடைப்பது அரிது. இதற்குத்தான் டிரஸ்ட்டுகளையும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியையும் அணுக வேண்டும். கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமையும் தர வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் எத்தனை ஆலைகள்! அவற்றின் புகையை சுவாசித்து வளரும் நம் பிள்ளைகள் அந்த நிதியைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். ஆனால் தனி ஆளுக்கு நேரடியாகத் தருவது அபூர்வம். பதிவு பெற்ற சிறப்புப் பள்ளி அல்லது தெரபி மையம் வழியாக, நாலைந்து குழந்தைகளுக்குச் சேர்த்துக் கேட்டால் காதில் ஏறும்.

அதற்கு முன் இன்றே ஒன்று செய்யலாம். தண்ணீர், பசி, வலி, வேண்டாம், கழிப்பறை, அம்மா என்று படங்களை ஒரே தாளில் அச்சடித்து லேமினேட் செய்து அவன் கைக்கு எட்டும்படி வையுங்கள். அவன் விரல் நீட்டி 'வேண்டாம்' என்று காட்டுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். நிதி தருபவர்கள் சாதனம் பயன்படுமா என்றுதான் முதலில் யோசிப்பார்கள், அந்த வீடியோவே பதில். அதை அவர்களிடம் மட்டும் காட்டுங்கள். குழந்தையின் முகத்தைப் போட்டு ஃபேஸ்புக்கில் பணம் திரட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

விண்ணப்பத்தில் டேப்லெட், கெட்டியான உறை, செயலிக் கட்டணம் மூன்றுக்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் வையுங்கள். சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலியில் தமிழ் இருக்கிறது, தெரபிஸ்டோடு பேசி அதையும் பாருங்கள்.

எந்த அலுவலகத்திலாவது இல்லை என்று சொல்லிவிட்டால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு திங்கள்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.