அம்மா ராத்திரி ஆறு தடவை எந்திரிக்கிறாங்களே, அதைத்தான் முதல்ல பார்க்கணும்

உங்க கடிதத்துல முடி கொட்டுது, நகத்துல வெள்ளைப் புள்ளி, முட்டியை மடக்கினா சத்தம்னு இவ்ளோ எழுதிட்டு, கடைசியில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க: "சுகர் நார்மல்தான் டாக்டர், ஆனா அம்மா ராத்திரி ஆறு தடவை யூரின் போறாங்க, ரெண்டு நாளா சாப்பாடு பிடிக்கல, பகல்லயும் தூங்கி வழியறாங்க." என்னை பயமுறுத்தினது அந்த வரிதான்மா. நகத்துப் புள்ளி கால்சியம் குறைவால வர்றது இல்ல, நகம் வளர்ந்தா தானா போயிடும். வலி வீக்கம் இல்லாத முட்டிச் சத்தத்துக்கு வைத்தியமே தேவையில்ல.

ரிப்போர்ட்ல ரத்தத்துல கால்சியம் 12.8னு கூடியிருக்கு, நெட்டுல தேடினா கேன்சர்னு வருது, அதானே உங்க பயம்? கேன்சர்லயும் கால்சியம் ஏறும், மறைக்கல. ஆனா வாரத்துக்கு ஒன்னுன்னு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை அம்மா நாலு மாசமா தினமும் பால்ல கலந்து குடிச்சிருக்காங்க, கூட மெடிக்கல்ல கேட்டு வாங்கின கால்சியம் மாத்திரை வேற. இதை வச்சுக்கிட்டு நெட்டுல கேன்சரைத் தேடுவீங்களா? சத்து மாத்திரைதானே, கூடக்குறைய போட்டா என்னன்னு நினைக்கிறது பெரிய தப்பு.

கழுத்துல தைராய்டுக்குப் பின்னாடி உளுந்து அளவுல நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. ரத்தத்துல கால்சியம் இறங்கினா அது பிடிஎச் ஹார்மோனை விடும், அது எலும்புல இருந்து கால்சியத்தை எடுக்கும், கிட்னிகிட்ட கால்சியத்தை விடாம பிடிச்சுக்கோ, பாஸ்பேட்ங்கற உப்பை வெளிய தள்ளுன்னு சொல்லும், குடல்ல கால்சியத்தை உறிஞ்ச வைக்கற வைட்டமின் டியை வேலை செய்யற மாதிரி மாத்தவும் கிட்னியைத்தான் ஏவும். எலும்பும் சும்மா இல்ல, பாஸ்பேட் கூடினா எஃப்ஜிஎஃப்-23ங்கற ஹார்மோனை அனுப்பி கிட்னி வழியா கழிக்க வைக்கும். இவங்கெல்லாம் சேர்ந்துதான் கால்சியத்தை 8.5லிருந்து 10.5க்குள்ள வச்சிருக்காங்க.

டி அளவு மீறிப் போச்சுன்னா இந்த காவல் எடுபடாது. பிடிஎச் அடங்கிடும், ஆனாலும் குடலும் எலும்பும் கால்சியத்தைக் கொட்டிக்கிட்டே இருக்கும். அவ்ளோ கால்சியம் கிட்னிக்கு வந்தா அதால தண்ணியைப் பிடிச்சு வைக்க முடியாது, அதான் ராத்திரி பூரா யூரின், தாகம், மலச்சிக்கல். உடம்பு வத்தும், வத்தின உடம்புல கிட்னி கால்சியத்தை இன்னும் கம்மியா வெளியேத்தும், கால்சியம் மறுபடி ஏறும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.7க்கு ஏறினதும் இந்த வழியாத்தான் இருக்கணும். இதோட தூக்கம், குழப்பம், வாந்தி சேர்ந்துட்டா வீட்ல வச்சுப் பார்க்கக் கூடாது.

அதனால திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க, இன்னைக்கே அட்மிஷன் போடற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சலைன் ஏத்தணும், ஈசிஜி எடுக்கணும், பிடிஎச், வைட்டமின் டி, பாஸ்பேட் பார்க்கணும். பிடிஎச் அடங்கி, ரத்தத்துல வைட்டமின் டி மில்லிக்கு 150 நானோகிராமுக்கு மேல இருந்தா பாக்கெட்தான் காரணம். பிடிஎச் அடங்காம பாஸ்பேட் குறைவா இருந்தா பாராதைராய்டுல கட்டி இருக்கலாம், அதுவும் பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். பிடிஎச் அடங்கியிருந்து டியும் கூடலன்னாதான் டிபி, கேன்சர்னு தேடற வேலை.

டி பாக்கெட்டையும் கால்சியத்தையும் இப்பவே நிறுத்துங்க. பிபி மாத்திரை பேர்ல கடைசியா 'எச்'னு இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுல இருக்கற நீர் மாத்திரை கால்சியத்தை உள்ளயே நிறுத்தும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, வைட்டமின் டி கொழுப்புல போய் தங்கற சரக்கு, நிறுத்தினாலும் மாசக்கணக்குல கசியும், டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகும் கால்சியத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கணும். போகும்போது காலி பாக்கெட் எத்தனை இருக்கோ அத்தனையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, எத்தனை யூனிட் உள்ள போயிருக்குன்னு அதை எண்ணித்தான் அவங்க கணக்குப் போடுவாங்க.