காதைத் தொட்டால் உறுமுகிறான்

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐந்து வயது லாப்ரடார் கலப்பு ஜிம்மியை வளர்க்கிறோம். எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் வெடியோடு போனால் நடுங்கிக் கட்டிலுக்கு அடியில் பதுங்கிவிடுவான். காதை நீவிவிட்டால் பயம் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து மூன்று வாரமாகச் செய்கிறேன். அன்றிலிருந்தே இடது காதைத் தொட்டால் உறுமல். போன வாரம் ஆறு வயதுப் பேத்தி கட்டிப்பிடித்தபோது பல்லைக் காட்டினான், கடிக்கவில்லை. அடிக்கடி தலையை உதறுகிறான், பாதத்தை நக்குகிறான், கொட்டாவி விடுகிறான், முடியும் கொட்டுகிறது. சாப்பாடு, தண்ணீர் குறைவில்லை. ஊசி வருஷா வருஷம் போட்டிருக்கிறோம். இரண்டு தடவை பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தேன். வெறி பிடித்துவிட்டதா டாக்டர்? குழந்தை இருக்கிற வீட்டில் இவனை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெறி இல்லை. ரேபிஸ் அறிகுறி காட்டத் தொடங்கிய நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது அதனால்தான். உங்கள் ஜிம்மி மூன்று வாரமாக உறுமிக்கொண்டே சோறும் தின்கிறான், தண்ணீரும் குடிக்கிறான், தடுப்பூசியும் பாக்கியில்லை. பேத்தியின் தோலில் பல் பட்டுக் கீறியிருந்தால் கதை வேறு. ஊசி போட்ட நாயே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். கடிக்கவில்லை என்கிறீர்கள், பல் கீறவும் இல்லையென்றால் அந்தப் பயத்தை இத்தோடு விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டே வார்த்தை: "இடது காதை". பயந்த நாய் எங்கே தொட்டாலும் விலகும். வலிக்கிற நாய் ஒரே இடத்தைத் தொட்டால்தான் விலகும். அந்த ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும், உறுமல். கூடவே தலையை உதறல். இது மனக்கலக்கம் இல்லை, காதுக்குள் சீழோ, பூஞ்சையோ, உண்ணியோ இருக்கிறது. மூன்று வாரமாக நீங்கள் அன்போடு நீவிக்கொண்டிருப்பது புண்ணை. அவன் கடிக்காமல் உறுமியதோடு நிறுத்தியதற்கு அவனுக்கு ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். உறுமியதற்காகத் திட்டிவிடாதீர்கள். உறுமலை அடக்கி வைத்தால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் வரும்.

இன்றைக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, காது மடலை நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். தூக்க விடவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அதுவே பதில். விட்டால், முதலில் மோந்து பாருங்கள். புளித்த மாவு மாதிரி வாடை வந்து, உள்ளே காய்ந்த புளிக்கரைசல் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சளாக ஒழுகி நாறினால் பாக்டீரியா. மடலின் மடிப்புகளில் மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் உண்ணி. நம் ஊர்ப் புழுக்கத்தில், மடிந்து தொங்கும் லாப்ரடார் காதுக்குள் குளித்த ஈரம் எளிதில் காய்வதில்லை. மடல் பூரி மாதிரி உப்பியிருந்தால் உதறி உதறி உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

பார்த்ததோடு நிறுத்துங்கள். வீட்டு வைத்தியத்தில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது, காய்ச்சிய எண்ணெயில் பூண்டு போட்டுக் காதில் ஊற்றுவது. நாயின் காதுக்குழாய் நம்முடையது மாதிரி நேராகப் போவதில்லை. கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்பும். ஊற்றிய எண்ணெய் அந்த முடுக்கில் தங்கி அழுக்கோடு சேர்ந்து ஊறும். பட்ஸ் விட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் கீழே போய் அடைக்கும். போன தடவை வாங்கிய சொட்டு மருந்து மிச்சமிருக்கிறது என்று அதையும் எடுக்காதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் காதைச் செவிடாக்கிவிடும். அது கிழிந்திருக்கிறதா என்பதை ஓட்டோஸ்கோப் என்ற காது பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தால்தான் தெரியும், செல்போன் டார்ச்சில் தெரியாது.

ஆகவே இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். காதழுக்கைக் குச்சியில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு மருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து வேறு. கொடுத்த நாள் கணக்கை முழுதாகப் போடுங்கள். நான்காம் நாள் உறுமல் நின்றதும் மருந்தையும் நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த மாதம் அதே காதோடு வந்து நிற்பார்கள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தாலோ, நடையில் தள்ளாட்டம் இருந்தாலோ, கண்விழி தானாக ஆடினாலோ இரண்டு நாள் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். தொற்று உள்காதுக்குப் போயிருக்கலாம்.

மற்றவை சின்னச் சமாச்சாரம். லாப்ரடாருக்கு முடி கொட்டும், பெருக்குங்கள். பாதத்தை நக்குவதை மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒவ்வாமை இருக்கிற நாய்க்குக் காதும் பாதமும் சேர்ந்தே அரிக்கும். பாரசிட்டமால் அரை மாத்திரை அவன் எடைக்கு ஒன்றும் செய்திருக்காது. அதே அரை மாத்திரையை ஒரு பூனைக்குக் கொடுத்திருந்தால் உயிரே போயிருக்கலாம். அடுத்த தடவை கை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று வேறு வலி மாத்திரைகளுக்கு நீளும். அவை நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் மாத்திரை டப்பா நமக்கு.

இப்போது அவனுடைய வெடிப் பயமும் உங்கள் நீவலும். பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயத்துக்குச் செல்லம் கொடுத்ததாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பயம் ஒரு வித்தை இல்லை, பாராட்டினால் வளர்வதற்கு. ஆனால் காது ஆறி, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலைப்பக்கம் கை போக வேண்டாம். அதுவரை நெஞ்சும் தோளும் போதும்.

வெடிச் சத்தம் கேட்கும்போது புதிதாகத் தொடங்கினால் பலிக்காது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிய நேரத்தில், தினமும் ஒரே பாயில், ஐந்தே நிமிடம். எதிரில் குனிந்து நிற்காமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்கள். தலைக்கு மேலிருந்து கை இறங்கக் கூடாது, புறங்கையை மூக்குக்குக் கீழே காட்டி அவனே வரட்டும். நெஞ்சில் தொடங்கி, தோளிலிருந்து இடுப்புவரை, முடி படிந்திருக்கும் திசையிலேயே உள்ளங்கையால் ஒரே நீவல், ஐந்து விநாடி எடுக்க வேண்டும். நம் கை பழக்கத்தில் இரண்டு விநாடியில் ஓடிவிடும், எண்ணிக்கொள்ளுங்கள். முதுகில் தட்டிக்கொடுப்பது வேண்டாம், அது கிளப்பிவிடும். மூன்று நீவலுக்கு ஒரு தடவை கையை எடுத்துவிடுங்கள். சாய்ந்து வந்தால், மூக்கால் கையை முட்டினால் இன்னும் வேண்டும் என்கிறான். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கமில்லாமல் கொட்டாவி விட்டால் போதும் என்கிறான். உங்கள் கொட்டாவிக் கணக்கு இதில் அடங்கிவிடும்.

பலரும் ஏமாறுவது ஓர் இடத்தில். கை வைத்ததும் நாய் அசையாமல் இருந்தால் அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாய் இறுக மூடி, கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறை மாதிரி தெரிந்து, உடம்பு கட்டையாக இருந்தால் அது உறைந்து போயிருக்கிறது. கடிக்கு முந்திய நிலை அது. உண்மையில் தளர்ந்த நாய் பெருமூச்சு விடும், இமை தாழும், ஒரு பக்க இடுப்பைச் சரித்து உட்காரும்.

பழகிய பிறகு, லிண்டா டெல்லிங்டன்-ஜோன்ஸ் என்ற குதிரைப் பயிற்சியாளர் வகுத்த வட்டத் தொடுதலையும் சேர்க்கலாம். மூன்று விரல் நுனியைத் தோளில் வைத்து, கடிகாரத்தின் ஆறில் தொடங்கி ஒரு முழுச் சுற்று வந்து, ஒன்பதில் நிறுத்துவது. முடியின் மேல் வழுக்காமல் தோலையே நகர்த்த வேண்டும். உங்கள் மூடிய இமையில் உறுத்தாமல் செய்ய முடிகிற அழுத்தம் போதும். ஒரே இடத்தில் ஒரு சுற்றுத்தான், அடுத்தது விரலைத் தள்ளி வைத்து. பிரமாதமான ஆய்வு ஆதாரம் இதற்கு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மெதுவாகச் செய்தால் கெடுதல் இல்லை, கையின் வேகத்தை அது குறைக்கிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

ஊர்வலம் வரும் நாளில் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, டிவியைப் போடுங்கள். கட்டிலுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், அவன் பாயை அங்கே தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வந்தால் நீவுங்கள், வராவிட்டால் உங்கள் வேலையைப் பாருங்கள். போர்வை சுற்றுவதோ இறுக்கமான சட்டை மாட்டுவதோ சென்னைக் கோடையில் வேண்டாம், பயந்து இரைக்கிற நாய்க்கு உடம்புச் சூடு சட்டென்று ஏறும். தீபாவளிக்கு மாத்திரை தேவைப்பட்டால் மூன்று வாரம் முன்னதாகவே மருத்துவரைப் பாருங்கள். வெறுமனே படுக்கவைத்துவிடும் மாத்திரை வேண்டாம், பயத்தைக் குறைப்பதுதான் வேண்டும் என்று கேளுங்கள். முன்னதில் கால் மட்டும்தான் ஓயும், பயம் அப்படியே உள்ளே இருக்கும்.

ஜிம்மியை வைத்துக்கொள்ளுங்கள். காது ஆறும்வரை பேத்தியும் அவனும் தனியாக இருக்க வேண்டாம். ஆறிய பிறகும் கட்டிப்பிடிப்பது கூடாது. அவன் எழுந்து அவளிடம் வந்தால், உங்கள் கண்ணெதிரில், நெஞ்சில் இரண்டு விரல், மூன்று எண்ணும்வரை. சொட்டு மருந்து முடிந்த மறுவாரம் காதை ஒருமுறை திரும்பக் காட்டிவிடுங்கள்.